சாக்கை மாட்டும் முன்பே முள் நகர்ந்தால்

விமான விபத்து என்றாலே எங்கள் மஸ்கெலியாப் பக்கத்தில் ஏழு கன்னியர் மலையைத்தான் கைகாட்டுவார்கள். 1974 டிசம்பர் 4இல் ஒரு டீசி-8 விமானம் அங்கே மோதி 191 பேர் இறந்தார்கள். ஹட்டனில் பிள்ளைகளோடு பேசும்போதும் அதைத்தான் கேட்பார்கள். விமானப் பராமரிப்பில் இருந்த நானோ ஆம்ஸ்டர்டாம் விபத்தைத்தான் சொல்வேன்.

இறங்க வரும் விமானத்தின் வேகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. என்ஜின் விசையைக் கூட்டிக் குறைத்து அதைப் பிடித்து வைத்திருப்பது ஓட்டோ த்ரொட்டில். ஓடுபாதைக்குச் சில அடி உயரம் வந்ததும் விசையை அதுவே அடக்கிவிடும். தரை நெருங்கியதை அதற்குச் சொல்வது, ரேடியோ அலையால் உயரம் அளக்கும் அல்டிமீட்டர்.

2009 பெப்ரவரி 25. போயிங் 737-800 விமானம் ஒன்று ஆம்ஸ்டர்டாமில் இறங்க வருகிறது. ஏறக்குறைய 1,950 அடி உயரத்தில் இடது அல்டிமீட்டர் காட்டியது மைனஸ் 8 அடி! கொழுந்து நிறுக்கும் தராசில் சாக்கை மாட்டும் முன்பே முள் இடம் மாறி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஓட்டோ த்ரொட்டில் கேட்பது அந்த இடது கருவியைத்தான். தரை வந்துவிட்டதென்று விசையை அடக்கிவிட்டது. ஓட்டோ பைலட்டோ வலது கருவியை நம்பி, இறங்கும் பாதையை விடாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டே வந்தது. பாதைக்கு மேலேயிருந்து இறங்கிவந்து சேர்ந்ததால் விசை குறைந்திருந்தது முதலில் வித்தியாசமாகப் படவில்லை. 144 நொட்டில் (நொட் என்பது விமான வேக அளவு) நிற்க வேண்டிய வேகம் சரிந்துகொண்டே போனது. சுமார் 460 அடியில் வேகம் போதாதென்று கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்து எச்சரித்தபோது நேரம் கடந்துவிட்டது. 135 பேரில் 9 பேர் இறந்தார்கள்.

என் மனதை அறுப்பது விசாரணையில் வெளிவந்த விஷயம். அதே விமானத்தின் முந்தைய எட்டுத் தரையிறக்கங்களில் இரண்டு முறை இதே கோளாறு வந்திருக்கிறது. விமானிகள் ஓட்டோ த்ரொட்டிலை விடுவித்து, கையால் விசை கூட்டிப் பத்திரமாக இறங்கியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட அல்டிமீட்டர் கோளாறுகளில் எழுதிக் கொடுக்கப்படுபவை கொஞ்சம்தான் என்றும் தெரியவந்தது.

இது எங்கள் வேலையில் பழகிப்போன ஒன்று. "சக்கரம் இறக்கவில்லை என்ற எச்சரிக்கை ஒருதரம் கத்தியது, அப்புறம் நின்றுவிட்டது" என்று விமானிகள் படியிறங்கும்போது வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். தரையில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். வானத்தில் வந்து ஒளிந்துகொள்ளும் கோளாறைத் தரையில் எப்படிப் பிடிப்பது?

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, தானாகச் சரியாகிவிட்டாலும் கோளாறுகளைப் பதியும் லொக் புத்தகத்தில் விமானியை எழுதச் சொல்லிக் கேளுங்கள். எந்தப் பக்கக் கருவி, எத்தனை அடியில், மழையா வெயிலா, எத்தனை விநாடி நீடித்தது. விமானி அவசரத்தில் இருந்தாலும் படிக்கட்டிலேயே நிறுத்திக் கேளுங்கள்.