டெலீட் செய்தது திரும்பி வருகிறதா? ரிப்பேர் எப்போது ஓட்டினீர்கள்?

"டெலீட் செய்த கணக்கு மறுபடியும் திரையில் நிற்கிறது, கசாண்ட்ரா டேட்டாபேஸில் பக்." மறுபடியும் இதே புகார். விசாரித்தால் இதே பதில்: மதர்போர்டு பழுதாகி ஒரு நோட் (டேட்டாபேஸ் ஓடும் சர்வர்களில் ஒன்று) இரண்டு வாரம் அணைந்து கிடந்தது, நேற்றுதான் ஆன் செய்தார்களாம்.

கூடவே, "மூன்று ரெப்ளிகா, குவோரத்தில்தானே படிக்கிறோம்?" என்ற கேள்வியும் வரும். தயவுசெய்து இதை ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள். ரெப்ளிகா என்பது ஒரே டேட்டாவின் நகல், குவோரம் என்பது அவற்றில் பெரும்பான்மை, அதாவது மூன்றில் 2. எழுதியது 2 நோட், படிப்பது 2 நோட் என்றால் ஒன்றாவது பொதுவாக இருக்கும். உண்மைதான். ஆனால் அந்த நோடிடம் சொல்ல ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே! கசாண்ட்ராவில் டெலீட் என்றால் டூம்ஸ்டோன், அதாவது "இது அழிந்தது" என்ற குறி எழுதுவது. அந்தக் குறியைக் குறைந்தது எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதுதான் ஜிசி கிரேஸ்; இயல்பாக 8,64,000 விநாடி, அதாவது 10 நாள். அது கழிந்தால், டிஸ்க் ஃபைல்களைச் சேர்த்துச் சுருக்கும் காம்பாக்‌ஷன் பழைய வரியையும் டூம்ஸ்டோனையும் சேர்த்தே துடைத்துவிடும். பிறகு இரண்டு நோடில் ஒன்றுமில்லை. தூங்கி எழுந்த மூன்றாவதில் பழைய வரி இருக்கிறது. "அழித்தாகிவிட்டது" என்பதும் "வரவே இல்லை" என்பதும் அப்போது ஒன்றுபோலத்தான் தெரியும். இருக்கிற வரியே ஜெயிக்கும். மூன்று ரெப்ளிகாவையும் கேட்டுப் படித்தாலும் இதே கதைதான். பதறிப்போய் அந்த நேரத்தில் ரிப்பேர் (நகல்களை ஒப்பிட்டு ஒன்றுபோல ஆக்கும் வேலை) ஓட்டினால், செத்த வரி மூன்று நோடிலும் எழுந்து உட்கார்ந்துவிடும்.

அணைந்த நோடுக்கு வரவேண்டியதை மற்ற நோடுகள் சேர்த்து வைக்கும் ஹின்ட் காப்பாற்றாதா? இயல்பாக 3 மணி நேரத்துக்குத்தான் சேரும்.

நோட்டூல் ரிப்பேர் கட்டளையை பிஆர் தெரிவோடு (ஒவ்வொரு நோடும் தன் முதன்மைப் பங்கை மட்டும் சரிபார்க்கும்) வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரு நோடில் மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்தக் கூடாது, எல்லா நோடிலும் ஓட வேண்டும். 10 நாளுக்குள் தொடங்கினால் போதாது, முடிந்திருக்க வேண்டும். கெடு தாண்டிய நோடை அப்படியே ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். டேட்டா, கமிட்லாக், ஹின்ட்ஸ், சேவ்டு கேஷஸ் டைரக்டரிகளைக் காலி செய்து, ரீப்ளேஸ் அட்ரஸ் அமைப்போடு (பழைய நோடின் இடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வது) புது நோடாகச் சேருங்கள். டிஸ்க் மிச்சமாகும் என்று ஜிசி கிரேஸை 0 ஆக்குவதை விடுங்கள். அழிக்கச் சொல்லிக் கேட்டவரின் பெயரும் போன் நம்பரும்தான் திரும்பி வருகின்றன.

நோட் எதுவும் விழாமலே டெலீட் பலிக்கவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். டைம்ஸ்டாம்பைப் பெரும்பாலும் ஆப்பை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர்தான் போடுகிறது, அதுவும் ஆப் சர்வரின் கடிகாரத்தை வைத்து. ஒரு சர்வர் 10:00:05-க்கு வரியை எழுதுகிறது. 5 விநாடி பின்தங்கிய இன்னொரு சர்வர் 10:00:07-க்கு அதை அழிக்கிறது. விழும் முத்திரையோ 10:00:02. பிந்தைய முத்திரைதான் ஜெயிக்கும் என்பதால் டெலீட் தோற்றுவிடும், எர்ரரும் வராது. டேட்டாபேஸ் நோடுகளில் மட்டும் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் க்ரோனி போட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஆப் சர்வர் ஒவ்வொன்றிலும் போடுங்கள், விலகல் மில்லிவிநாடிகளைத் தாண்டினால் அலர்ட் வரட்டும்.