இன்லைன் என்று எழுதினால் கம்பைலர் என்ன செய்கிறது?

மன்னார்குடிப் பக்கத்துப் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், குறுவை வயலில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவதற்கு உதவியாக, நிற்கும் நீரின் மட்டத்தை மீயொலி உணரியால் அளந்து போர் மோட்டாரை நிறுத்தும் கருவியைச் செய்துவருகிறார். அதன் சி நிரலில் எல்லாச் செயற்கூறுகளுக்கும் (ஃபங்ஷன்களுக்கும்) முன்னால் இன்லைன் என்று எழுதியும் வேகம் கூடவில்லையே என்பது அவருடைய கேள்வி.

செயற்கூறு ஒன்றை அழைத்தால், திரும்பிவர வேண்டிய முகவரியை ஸ்டேக் என்னும் நினைவக அடுக்கில் வைத்துவிட்டு ப்ராசசர் வேறிடம் தாவி, வேலை முடிந்ததும் திரும்புகிறது. அவர் பயன்படுத்தும் ஏடிமெகா 328பி சிப்பில் அழைக்க 4 கடிகாரத் துடிப்பு, திரும்ப 4 துடிப்பு. 16 மெகாஹெர்ட்ஸில் மொத்தம் அரை மைக்ரோநொடி. செயற்கூற்றின் உடலை அழைத்த இடத்திலேயே பதித்துவிட்டால் இது மிச்சம்; இன்லைன் என்ற சொல் கேட்பது இந்தப் பதிப்பைத்தான். பாடநூல்கள் பெரும்பாலும் இதோடு முடித்துக்கொள்கின்றன. உண்மையில் இது சிறிய ஆதாயம்.

உணரியைத் தூண்டச் சிப்பின் ஒரு பின்னை (மின்முனையை) 10 மைக்ரோநொடிக்கு உயர்நிலையில் வைக்க வேண்டும். எந்த போர்ட் (பின்களின் தொகுதி), எத்தனையாவது பிட், ஏற்றுவதா இறக்குவதா என்ற மூன்றையும் வாங்கிக்கொள்ளும் பொதுச் செயற்கூறு ஒன்றை அதற்காக எழுதுகிறோம். அது தனியே நிற்கும்வரை, யார் எந்த மதிப்போடு அழைப்பார்கள் என்று, நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளான கம்பைலருக்குத் தெரியாது. ஆகவே ஏற்றுவதா இறக்குவதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். 1-ஐப் பிட் எண்ணுக்கேற்ப நகர்த்த வேண்டும், இந்தச் சிப் ஒரு கட்டளைக்கு ஓரிடமே நகர்த்தும் என்பதால் அதற்கொரு மடக்கு (லூப்) வேண்டும். பிறகு போர்ட்டைப் படித்து, மாற்றி, திரும்ப எழுத வேண்டும். இதே உடல் அழைத்த இடத்தில் பதிந்து, அங்கே போர்ட் பி, பிட் 5, ஏற்று என்று மாறிலிகளே இருந்தால், சோதனையின் விடை கம்பைல் செய்யும்போதே தெரிந்துவிடுகிறது. வேண்டாத கிளை உதிர்கிறது. நகர்த்தல் வெறும் எண்ணாகிறது. எஞ்சிய மூன்று படிகளும் எஸ்பிஐ என்னும் ஒரே கட்டளையாகச் சுருங்குகின்றன. அதன் நீளம் 2 பைட், நேரம் 2 துடிப்பு. கால் என்னும் அழைப்புக் கட்டளையே 4 பைட் ஆகையால், பதித்ததில் நிரல் பருக்காமல் இளைத்திருக்கிறது! எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று: படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் ஓர் இன்டரப்ட் (நடக்கும் வேலையை நிறுத்திவைத்து இடையில் ஓடும் நிரல்) புகுந்து அதே போர்ட்டின் இன்னொரு பிட்டை மாற்றினால், அந்த மாற்றம் மேலெழுதப்பட்டு அழிந்துபோகும். ஒற்றைக் கட்டளையின் நடுவே புக வழியில்லை.

மாணவருக்கு இது கிட்டாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். 1999-ஆம் ஆண்டுத் தரத்தில் சி மொழிக்குள் வந்த இன்லைன் ஒரு வேண்டுகோள் மட்டுமே; ஆப்டிமைசேஷன் (நிரலைச் செம்மைப்படுத்தும் வசதி) அணைந்திருந்தால் ஜிசிசி என்னும் கம்பைலர் அதைப் பொருட்படுத்தாது. மேலும், செயற்கூற்றின் உடல் வேறொரு கோப்பில் இருந்தால் அழைக்கும் இடத்தில் பதிக்க வழக்கமான கம்பைலிங்கில் எதுவும் கைவசம் இராது. ஆதலால் அதை, அழைக்கும் கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்பில் ஸ்டாட்டிக் இன்லைனாக எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் அச்சொல்லைச் சூட்டுவது வண்டியில் எலுமிச்சை கட்டுவது போன்ற நம்பிக்கையே. மூன்று வரிக்கு மேற்பட்ட செயற்கூறுகளுக்குப் பொதுவாக அது வேண்டாம் என்று லினக்ஸ் கெர்னலின் நிரல்நடை வழிகாட்டி சொல்கிறது.

அவர் ஆப்டிமைசேஷனை இயக்கிக் கம்பைல் செய்து, ஏவிஆர் ஆப்ஜ்டம்ப் என்னும் கருவிநிரல் கொண்டு அசெம்பிளியைப் பிரித்துப் பார்க்கட்டும். பின்னை ஏற்றும் இடத்தில் எஸ்பிஐ இருந்தால் உடல் பதிந்திருக்கிறது. கால் அல்லது அதன் குறுவடிவான ஆர்கால் இருந்தால் பதியவில்லை.