பூனையின் கழுத்தில் ஒரு சொட்டு, பட்டுப்புழுவின் தலையில் ஒரு சுரப்பி

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டில் இரண்டு பூனைகள். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தெள்ளுப்பூச்சித் தொல்லை. மூன்று முறை மருந்து போட்டாயிற்று. பத்து நாள் நன்றாக இருக்கின்றன, அப்புறம் மறுபடியும் சொறிய ஆரம்பித்துவிடுகின்றன. "கடையில் நாய்க்குப் போடும் சொட்டு மருந்தில் பாதியைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? எந்த மருந்துதான் உண்மையில் வேலை செய்யும்?" என்று கேட்டிருந்தார்.

முதல் கேள்விக்குப் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா வளர்த்த வெள்ளைப் பூனை இப்படித்தான் போயிற்று. கடையில் கொடுத்த நாய் மருந்தைச் சாயங்காலம் கழுத்தில் விட்டார். இரவு காதும் முகமும் துடிக்க ஆரம்பித்தன. பிறகு உடம்பு முழுக்க நடுக்கம், வலிப்பு. விடிவதற்குள் முடிந்துவிட்டது. அந்த அக்கா அதற்கப்புறம் பூனையே வளர்க்கவில்லை.

அந்த மருந்தில் இருந்தது பெர்மெத்ரின். நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் இது பாதியளவுக்கு இருக்கும். நரம்புச் செல்களில் சோடியம் நுழையும் வாசல்களை மூட விடாமல் திறந்தே வைப்பது இதன் வேலை. நாயின் கல்லீரல் இதை உடைத்து, ஒரு சர்க்கரை அமிலத்தோடு கோத்து, சிறுநீரில் அனுப்பிவிடும். பூனையின் கல்லீரலில் அப்படிக் கோத்துவிடும் நொதிகள் மிகவும் பலவீனமானவை. அவற்றில் ஒன்றுக்கான மரபணு வீட்டுப் பூனையிலிருந்து புலி, சிங்கம் வரை அந்தக் குடும்பம் முழுவதிலும் பழுதாகிக் கிடக்கிறது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்வதற்கும் இதே பலவீனம்தான் காரணம். மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கிறோமே டெல்டாமெத்ரின், அதுவும் பெர்மெத்ரினின் பங்காளிதான். மாட்டைக் கழுவிய மிச்சத்தில் பூனையை முக்குகிறவர்களை நம் ஊர்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். தெரியாமல் பட்டுவிட்டால் பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு உடனே கழுவித் துவட்டி, நேராகக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, போட்ட மருந்து ஏன் பத்து நாளில் தோற்றுப்போகிறது?

நாம் பூனையைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது தரையை. ஒரு வீட்டில் இருக்கும் மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில், பூனையின் மேல் ஓடும் வளர்ந்த பூச்சிகள் நூற்றுக்கு ஐந்து போலத்தான் என்று பூச்சியியலாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில், பாயின் அடியில், பூனை படுக்கும் கோணிப்பையில், சுவரோரப் பிளவில் கிடக்கிறது. பெண் தெள்ளு ரத்தம் குடித்த ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கி, நல்ல வேகத்தில் ஒரு நாளைக்கு 40 முட்டை வரை இடும். அரை மில்லிமீட்டர் முட்டை, வழவழப்பானது, முடியில் ஒட்டாது. பூனை நடக்கிற இடமெல்லாம் உப்புத் தூவியதுபோல் உதிர்ந்துகொண்டே போகும்.

முட்டையிலிருந்து வருவது காலில்லாத வெள்ளைப் புழு. அது கடிக்காது. தாய்ப்பூச்சியின் எச்சம்தான் அதற்குச் சாப்பாடு. எச்சம் என்றாலும் அது பெரும்பாலும் காய்ந்த ரத்தமே. பூனையைச் சீப்பால் சீவி, விழும் கறுப்புப் பொடியை ஈரத் தாளில் வைத்தால் செம்பழுப்பாகக் கரையும். வெறும் மண்ணாக இருந்தால் கரையாது. தெள்ளு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை கிடையாது. இந்தப் புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, காற்றில் ஈரம் குறைந்தாலும் காய்ந்து செத்துவிடும். சித்திரை வெயிலில் நம் பக்கம் தெள்ளு அடங்கிக் கிடப்பதும் ஐப்பசி, கார்த்திகையில் கிளம்புவதும் இதனால்தான்.

அப்புறம் அந்தப் புழு கூடு கட்டுகிறது. இங்கேதான் பட்டுப்புழு வளர்க்கும் தர்மபுரிக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும், ஏனென்றால் அது பட்டுக்கூடு. வாயிலிருந்து பட்டு நூலை இழுத்துத் தன்னைச் சுற்றிக்கொள்கிறது. நூல் பசைபோல் ஒட்டுவதால் மண்ணும் தூசியும் அதில் அப்பிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. உள்ளே பூச்சி முழுதாக உருவான பிறகும் வெளியே வராமல் மாதக்கணக்கில் காத்திருக்க முடியும். காலடி அதிர்வும் அழுத்தமும், உடம்புச் சூடும், மூச்சில் வரும் கரியமில வாயுவும் பட்டால்தான் விழித்துக் குதிக்கும். ஊருக்குப் போய்விட்டுப் பூட்டிய வீட்டைத் திறந்ததும் காலில் சரம்சரமாக ஏறுவது இப்படி விழித்தவைதான். வீட்டில் நாம் பயன்படுத்தும் எந்த மருந்தும் இந்தக் கூட்டுக்குள் சரியாகப் போய்ச் சேராது. பாலக்கோட்டு வாசகியின் "பத்து நாள்" என்பது மருந்தின் தோல்வி அல்ல, தரையில் இருந்த கூடுகள் வரிசையாகத் திறந்த கதை.

அப்படியானால் என்ன செய்வது? வளர்ந்த பூச்சியைக் கொல்வதோடு அடுத்த தலைமுறையைப் பிறக்கவே விடாமல் செய்ய வேண்டும். அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பட்டுப்புழு வளர்ப்பவர்களைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை.

பட்டுப்புழு நான்கு தடவை தூங்கித் தோலுரிக்கும். நாலாம் தூக்கம் முடிந்து ஐந்தாம் பருவத்தில் மல்பெரி இலையை மூட்டை மூட்டையாகத் தின்னும். பிறகு திடீரென்று ஒரு நாள் தின்பதை நிறுத்தி, உடம்பு மஞ்சளாகக் கண்ணாடிபோல் தெளிந்து, தலையைத் தூக்கி ஆட்டும். கூடு கட்டுவதற்கென்று வைத்திருக்கும் சந்திரிகைத் தட்டில் எடுத்து விட்டால் கூடு கட்டும். முதல் நான்கு தடவை தோலுரித்தபோதெல்லாம் மறுபடி புழுவாகவே வந்தது, ஐந்தாவது தடவை மட்டும் ஏன் கூட்டுப்புழுவாக மாறுகிறது? "நீ இன்னும் சின்னப் பிள்ளை" என்று யாரோ அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டதுபோல்.

அப்படிச் சொல்வது ஒரு ஹார்மோன். புழுவின் மூளைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறிய சுரப்பி அதைச் சுரக்கிறது. இளமை ஹார்மோன் என்று பெயர். அது ரத்தத்தில் இருக்கும்வரை எத்தனை தடவை தோலுரித்தாலும் புழு புழுதான். ஐந்தாம் பருவத்தில் அது வற்றுகிறது. அதன் பிறகு வரும் தோலுரிப்பு ஹார்மோன், தடை ஏதும் இல்லாததால், புழுவை உருமாற்றிவிடுகிறது. ஒரு பூச்சியின் வாழ்க்கையையே திருப்பிப் போடும் அந்தக் கட்டளை, ஒரு பொருள் வருவதால் பிறக்கவில்லை, ஒரு பொருள் இல்லாமல் போவதால் பிறக்கிறது. எத்தனை வருடம் படித்தாலும் எனக்கு இதில் வியப்புத் தீரவில்லை.

இப்போது வெளியிலிருந்து யாராவது அந்த ஹார்மோனைத் தவறான நேரத்தில் கொடுத்தால்? ஐந்தாம் பருவத்தில் மிகச் சிறிய அளவு கொடுத்தால் பட்டுப்புழு கூடுதலாக ஒன்றிரண்டு நாள் தின்று பெரிய கூடு கட்டும். அளவு மிஞ்சினால் கூடே கட்டாமல் புழுவாகவே கிடந்து சாகும். தெள்ளுக்கும் அதே கதிதான். முட்டைக்குள் கரு உருவாகும் நேரத்தில், இருக்கக் கூடாத அளவில் இந்த ஹார்மோன் இருந்தால் கரு சிதைந்துவிடும்.

பூச்சியின் சொந்த ஹார்மோனையே பூச்சிக்கு எதிராகத் திருப்பலாம் என்று அமெரிக்காவில் ஹார்வர்டில் இருந்த கரோல் வில்லியம்ஸ் நினைத்தார். 1956-இல் ஒரு காட்டுப் பட்டுப்பூச்சியின் வயிற்றிலிருந்து அந்த ஹார்மோன் நிறைந்த எண்ணெயை முதன்முதலில் பிரித்தவர் அவர். சில வருடம் கழித்து, செக்கோஸ்லோவாகியாவிலிருந்து காரெல் ஸ்லாமா என்ற ஆய்வாளர் தாம் வளர்க்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சிகளோடு அங்கே வந்து சேர்ந்தார். பிராகாவில் ஒழுங்காக வளர்ந்த அந்தப் பூச்சிகள் ஹார்வர்டில் பெரியவையாகவே ஆகவில்லை. ஐந்தாம் பருவத்துக்குப் பிறகு இன்னொரு தடவை குஞ்சாகவே தோலுரித்து, பெரிதாக வீங்கிச் செத்தன. தண்ணீர், தீனி, வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் சிக்கியது, வளர்ப்புக் குடுவைக்குள் பூச்சிகள் ஏறுவதற்காகப் போட்டிருந்த கை துடைக்கும் காகிதம்.

அமெரிக்கச் செய்தித்தாள்களை வெட்டிப் போட்டாலும் பூச்சிகள் வளர மறுத்தன. லண்டன் செய்தித்தாளைப் போட்டால் நன்றாக வளர்ந்தன. அச்சில் ஒன்றும் இல்லை, மரத்தில் இருந்தது விஷயம். அமெரிக்கக் காகிதத்துக்குக் கூழாகும் ஒருவகை ஊசியிலை மரம், பூச்சியின் இளமை ஹார்மோனைப் போன்ற ஒரு பொருளைத் தனக்குள் வைத்திருந்தது. காகிதமாக அரைத்த பிறகும் அது அழியவில்லை. இந்தக் கண்டுபிடிப்பு 1965-இல் வெளியானது. பத்து வருடத்தில், 1975-இல், அதே வழியில் ஆய்வகத்தில் செய்த மெத்தோபிரீன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று பூனைக் கழுத்தில் விடும் சில சொட்டு மருந்துகளில் ஃபிப்ரோனிலுடன் சேர்ந்து இருப்பது அதுதான். பாலூட்டிகளின் உடம்பில் இளமை ஹார்மோன் என்ற ஒன்றே இல்லை என்பதால் பூனைக்கும் நமக்கும் அதனால் தொந்தரவு மிகக் குறைவு.

சிவப்பு நாவாய்ப்பூச்சி யாருக்கும் பெரிய கேடு செய்யாத பூச்சி. அது ஏன் வளரவில்லை என்று பார்க்க இன்று நம் ஊரில் ஒரு இளம் ஆய்வாளர் பணம் கேட்டால், "இதனால் விவசாயிக்கு என்ன பலன்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்கள். பலன் என்னவென்று அன்று வில்லியம்ஸுக்கும் ஸ்லாமாவுக்குமே முழுதாகத் தெரியாது. அடிப்படை ஆய்வுக்குப் பணம் ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தக் காகிதக் கதையை ஒரு தடவையாவது படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மருந்துத் தேர்வுக்கு வருவோம். வளர்ந்த பூச்சியைக் கொல்ல ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், செலாமெக்டின் என்று பல உண்டு. ஃபிப்ரோனில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, ஒரு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கு ஏறும். இமிடாகுளோபிரிட் என்றால் கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், மாம்பூவில் தத்துப்பூச்சிக்கு அடிக்கும் அதே பொருள். அதற்காகத் தோப்பு மருந்தை எடுத்துப் பூனைக்குப் போடக் கூடாது. அதன் செறிவும் அதில் சேர்க்கும் கரைப்பான்களும் வேறு. செலாமெக்டின் பூச்சியைக் கொல்வதோடு முட்டை பொரிவதையும் தடுக்கும். புதிதாக வந்திருக்கும் ஃபுளூராலனர் போன்றவை மூன்று மாதம் வரை வேலை செய்யும், ஆனால் வலிப்பு வந்த பூனைக்கு மருத்துவரைக் கேட்காமல் கூடாது. என்னைக் கேட்டால், ஏற்கெனவே தரையெல்லாம் பரவிவிட்ட வீட்டுக்கு, பூச்சியையும் முட்டையையும் சேர்த்துத் தாக்கும் மருந்தையே எடுப்பேன். எதை வாங்கினாலும் அட்டையில் "பூனைக்கு" என்று எழுதியிருக்க வேண்டும், வயதும் எடையும் பொருந்த வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு நெருக்கமான பல் கொண்ட சீப்பும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணமும் போதும். சீவி எடுத்ததைக் கிண்ணத்தில் முக்கிவிடுங்கள். குட்டியை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள், தெள்ளு அதிகமானால் ரத்தம் வற்றியே செத்துப்போகும்.

வீட்டு வைத்தியம் பற்றியும் கேட்பீர்கள். சீத்தாப்பழக் கொட்டை நம் மலைப்பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது, பேனுக்கு அரைத்துப் பூசுவார்கள். பூச்சியைக் கொல்லும் சக்தி அதற்கு நிஜமாகவே உண்டு. ஆனால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும், பூனையோ உடம்பு முழுவதையும் நக்குகிற பிராணி. கற்பூரம், பாச்சை உருண்டை, பூண்டு, மண்ணெண்ணெய் எல்லாமே பூனைக்கு விஷம். மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டினால் போய்விடும் என்று கட்டிவிட்டுக் காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை. அந்தக் காத்திருக்கும் வாரங்களில் ஒரு குட்டியின் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது.

பாலக்கோட்டு வாசகி செய்ய வேண்டியது இதுதான். இரண்டு பூனைக்கும் ஒரே நாளில், பின்கழுத்தில் நாக்கு எட்டாத இடத்தில் முடியை விலக்கித் தோலில் படும்படி மருந்தை விட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். கோணிப்பையையும் துணியையும் கொதிக்கிற தண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள். மூலைமுடுக்குகளைத் தினமும் பெருக்குங்கள், அந்த அதிர்விலேயே கூடுகள் திறந்து பூச்சிகள் மருந்துள்ள பூனையின் மேல் ஏறிச் சாகும். மலத்தில் வெள்ளரி விதைபோல் ஏதாவது தெரிந்தால் அது தெள்ளு மூலம் பரவும் நாடாப்புழு, அதற்குத் தனி மாத்திரை உண்டு.

பாலக்கோட்டுப் பக்கம் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். வீட்டிலோ பக்கத்திலோ பட்டுப்புழு மனை இருக்கிறதா? இருந்தால் மருந்து போட்ட பூனையை உள்ளே விடவே கூடாது, மருந்து தொட்ட கையால் இலை போடவும் கூடாது. தெள்ளு முட்டையைச் சிதைக்கும் அதே பொருள் உங்கள் ஐந்தாம் பருவப் புழுவையும் கூடு கட்ட விடாது.

மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று மாதம். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் புதிதாகச் சில தெள்ளுகள் தெரியும், பயந்து மருந்தை மாற்றாதீர்கள், முன்பே கிடந்த கூடுகளிலிருந்து வருபவை அவை. மூன்றாவது சொட்டு விட்டு இரண்டு வாரம் கழித்து, காலை வெளிச்சத்தில் பூனையை மடியில் போட்டு வால் பக்கம் முதுகைச் சீவி, ஈரத் தாளில் தட்டிப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.