டிஸ்சார்ஜுக்குப் பிறகு தண்ணீர்கூட ருசிப்பது ஏன்?

கணவனுக்கோ மனைவிக்கோ பெரிய சிகிச்சை ஒன்று நடந்து, கூடவே தங்கியிருந்து வீடு திரும்பியவர்களிடம் பேசிப் பாருங்கள். சிகிச்சை எப்படிப் போனது என்று சொல்லி முடிப்பதற்குள் வேறு சில சின்ன விஷயங்கள் வந்து விழும். கதவைத் தாழிட்டுக்கொண்டு அவசரமில்லாமல் குளித்தது, சொந்தத் தலையணை, எப்போது விளக்கை அணைக்கலாம் என்று தாங்களே முடிவு செய்தது, ராத்திரி எழுந்து குடித்த ஒரு டம்ளர் தண்ணீர், அடுத்த அறையிலிருந்து அவர் இருமிய சத்தம் வெறும் இருமல்தான் என்று தெரிந்தது.

இதில் ஒன்றுகூடப் புதிது கிடையாது. சிகிச்சைக்கு முன்பும் அதே குளியலறைதான், அதே தலையணைதான். அப்போது யாரும் இதையெல்லாம் சந்தோஷம் என்று எண்ணியதில்லை. "கஷ்டப்பட்டவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு ஆய்வகங்களில் கொஞ்சம் விடை கிடைத்திருக்கிறது. அதில் சில, ஈக்களிடமிருந்து கிடைத்தவை.

முதலில் உடல். பிரெஞ்சு உடலியலாளர் மிஷெல் கபனாக் 1971-ல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. உடல் சூடேறியிருப்பவரின் கையைக் குளிர்ந்த நீரில் வைத்தால் சுகமாக இருக்கிறது என்கிறார். உடல் குளிர்ந்து போனவருக்கு அதே நீர் அசௌகரியமாக இருக்கிறது. இன்பம் என்பது, அந்த நேரத்தில் உடலுக்கு எது தேவையோ அதைச் சுட்டிக்காட்டும் அடையாளம் என்பது அவருடைய வாதம். சரியாகத் தூங்காமல், நேரத்துக்குத் தண்ணீர் குடிக்காமல், நாற்காலியில் கோணலாக உட்கார்ந்தே நாட்களைக் கடத்திய உடலுக்குத் தேவைகள் வரிசையில் நிற்கும். தலையணையும் தண்ணீரும் அந்த வரிசையில் முன்னால் இருப்பவை.

இதைவிட ஆழமான விஷயம் எதிர்பார்ப்பு. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராத நேரத்தில் குரங்குக்குக் கொஞ்சம் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் துடிக்கின்றன. விளக்கோ ஒலியோ போன்ற ஒரு சைகை வந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு, சாறு வரும்போது துடிப்பு இல்லை. சைகை வரும்போதே துடித்துவிடுகிறது. சைகை வந்தும் சாறு வரவில்லை என்றால் வழக்கமான துடிப்பும் குறைந்துபோகிறது. பீட்டர் தயான், ரீட் மான்டேக் ஆகியோருடன் சேர்ந்து 1997-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான்: இந்தச் செல்கள், எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கின்றன. கிடைத்தது எவ்வளவு என்பதை மட்டும் அவை சொல்வதில்லை.

இந்தக் கணக்கை வார்டில் போட்டுப் பாருங்கள். அங்கே கதவு திறந்தால் ஊசி, போன் அடித்தால் பயம். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டும்போது அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். இப்படிப் பல நாள் போனால் மூளை எதிர்பார்ப்பைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும். "இன்னைக்கு ராத்திரி ஒண்ணும் ஆகாம இருந்தா போதும்" என்பதுதான் அன்றைய பட்ஜெட். அந்த மனநிலையோடு வீட்டுக்கு வருகிறவருக்கு, எதுவும் நடக்காத ஒரு மதியம்கூட எதிர்பார்த்ததைவிட அதிகம். நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினால் அது பெரிய லாபம்.

இப்போது ஈக்களுக்கு வருவோம். ரிச்சர்ட் சாலமன், ஜான் கார்பிட் என்ற உளவியலாளர்கள் 1974-ல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தீவிரமான உணர்ச்சி ஒன்று எழுந்தால், அதைச் சமன்படுத்த அதற்கு நேர் எதிரான ஒன்றையும் மூளை கிளப்பிவிடுகிறது. முதலாவது அடங்கிய பிறகும் இரண்டாவது கொஞ்ச நேரம் நிற்கிறது. பயம் விலகியதும் வருகிற அந்த லேசான மிதப்பு அப்படி வருவதுதான் என்றார்கள். பல வருடம் கழித்து, 2004-ல், தனிமோட்டோ, ஹைசன்பெர்க், கெர்பர் மூவரும் பழ ஈக்களில் இதற்கு நெருக்கமான ஒன்றைக் காட்டினார்கள். மின் அதிர்ச்சிக்கு முன்னால் ஒரு வாசனையைக் காட்டினால் ஈக்கள் பிறகு அந்த வாசனையைக் கண்டு ஓடுகின்றன. அதிர்ச்சி முடிந்த பிறகு காட்டினால் அதே வாசனையைத் தேடிப் போகின்றன. நிம்மதி என்பது மனிதர்களுக்கு மட்டுமே வாய்த்த நுண்ணுணர்வு என்று நினைத்திருந்தால், அது பழ ஈயின் மூளைக்குள்ளும் வேலை செய்கிறது!

மனிதர்களிடம் நடந்த ஒரு சோதனை இன்னும் வேடிக்கையானது. சிரி லெக்னஸும் அவருடைய குழுவினரும் 2013-ல் வெளியிட்டது. மிதமான வலி தரும் சூடு ஒன்றைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். கடுமையான வலி வரப்போகிறது என்று பயந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதற்குப் பதில் அந்த மிதமான சூடு வந்தபோது, அது சுகமாக இருந்தது என்று மதிப்பிட்டார்கள். சாதாரணமாகக் கொடுத்தால் வலி என்று சொல்லப்பட்ட அதே சூடு. "இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும்" என்று கேட்டுவிட்டு வந்த தம்பதிக்கு, வேளைக்கு இத்தனை என்று பிரித்து வைத்த மாத்திரை டப்பாவைப் பார்க்கும்போது வருகிற உற்சாகம் எனக்கு இதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

அமைதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனைகளின் சத்தத்தை ஆராய்ந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு 2005-ல் சொன்ன கணக்கு: 1960-ல் பகலில் சராசரி 57 டெசிபலாக (சத்தத்தை அளக்கும் அலகு) இருந்தது, பிறகு 72 ஆகிவிட்டது, இரவில் 42 ஆக இருந்தது 60 ஆகிவிட்டது. வார்டில் இரவுச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 30-க்கும் 60-க்கும் இரண்டு மடங்குதான் வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. 10 டெசிபல் கூடினால் காதுக்குச் சுமார் இரண்டு மடங்காகக் கேட்கும். அப்படியானால் 60 என்பது கிட்டத்தட்ட எட்டு மடங்கு. மானிட்டரின் பீப், தள்ளுவண்டிச் சக்கரம், பக்கத்துக் கட்டிலின் இருமல் எல்லாம் அதில் அடக்கம்.

தூக்கம் கெடுவதற்குச் சத்தம் மட்டும் காரணமில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாக்கோ தமாக்கி, யுகா சசாகி ஆகியோர் 2016-ல் கண்டறிந்தபடி, புது இடத்தில் தூங்கும் முதல் நாள் ராத்திரி மூளையின் இடது பாதியில் ஆழ்ந்த தூக்கம் குறைந்திருக்கிறது. அந்தப் பாதி சின்னச் சத்தத்துக்கும் சட்டென்று விழித்துக்கொள்கிறது. ஒரு பாதி தூங்க, இன்னொரு பாதி காவல் இருக்கிறது. சோதனைக்கு வந்தவர்கள் மறுபடி அங்கே தூங்கியபோது இந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. ஆனால் அது அமைதியான ஆய்வகம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க ஆள் வருகிற அறையில், துணைக்குப் படுத்திருப்பவரின் காவல் பாதி அவ்வளவு சீக்கிரம் பணி முடித்துப் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து தூங்கும் தூக்கம் ருசிப்பதில் ஆச்சரியம் என்ன?

வாசனையையும் சேர்த்துக்கொள்ளலாம். நாம் வாழும் வீட்டின் மணம் நமக்குத் தெரியாது, மூக்கு பழகிவிடும். கொஞ்ச நாள் விலகியிருந்து திரும்பினால்தான் தெரியும். மற்ற புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற பகுதி வழியாகப் போக, வாசனை மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் குறுக்கு வழியில் போய்விடுகிறது. அதனால்தான் வாசலில் நின்ற உடனேயே, யோசிப்பதற்கு முன்பே, தொண்டை அடைக்கிறது.

சரி, கூட இருக்கும் மனிதர்? ஜேம்ஸ் கோனும் அவர் குழுவும் 2006-ல் திருமணமான 16 பெண்களை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்கவைத்து, லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். கணவர் கையைப் பிடித்திருந்தபோது ஆபத்துக்கு எழும் மூளை எதிர்வினை தணிந்தது. அறிமுகமில்லாதவர் கையைப் பிடித்தபோது தணிவு குறைவு. நல்ல தாம்பத்தியம் என்று சொன்னவர்களிடம் தணிவு அதிகம். வார்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. தைரியம் கொடுக்க வேண்டிய கையில்தான் ஊசி குத்தி டேப் ஒட்டியிருக்கும்; பயத்துக்குக் காரணமும் அதே ஆள்தான். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கை பழைய வேலைக்குத் திரும்புகிறது.

இந்தச் சின்னச் சந்தோஷங்கள் வீட்டுக்கு வந்த பிறகு மட்டும் வருபவை என்றும் சொல்ல முடியாது. 1990-களில் சான் பிரான்சிஸ்கோவில் சூசன் ஃபோக்மன், எய்ட்ஸ் நோயால் மெலிந்துகொண்டிருந்த துணைவர்களைப் பராமரித்த ஆண்களிடம் பேட்டி எடுத்தார். கேள்விகள் எல்லாம் மன அழுத்தத்தைப் பற்றியவை. அவர்களில் சிலர், நல்லதைப் பற்றி ஏன் கேட்கவே மாட்டேன் என்கிறீர்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். கேள்வியைச் சேர்த்ததும் கிட்டத்தட்ட எல்லாருமே ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள், பெரும்பாலும் அன்றாடச் சின்ன விஷயங்களை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. ஆய்வாளர் சொல்லி ஆரம்பித்தது இல்லை; ஆய்வுக்கு வந்தவர்கள் சொல்லித் தெரிந்தது.

இந்தச் சின்னச் சந்தோஷங்களுக்கு வேலையும் உண்டு. பார்பரா ஃபிரெட்ரிக்சன் குழு 2000-ல் வெளியிட்ட சோதனையில், திடீரென்று மேடைப்பேச்சுக்குத் தயாராகச் சொன்னதும் எல்லோருக்கும் இதயத் துடிப்பு எகிறியது. பிறகு ஆளுக்கொரு குறும்படம். சிரிப்பையோ மனநிறைவையோ தரும் படத்தைப் பார்த்தவர்களின் இதயமும் ரத்தநாளங்களும், சோகப்படம் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பின.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அழுகை வருகிறவர்கள், தலைவலியில் சுருண்டு படுக்கிறவர்கள் உண்டு. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு, முந்தைய நாளைவிட அழுத்தம் குறைந்த நாளில் வலி வரும் வாய்ப்பு கூடுவதை 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது. டிஸ்சார்ஜ் ஆனவரின் உடல், தூக்கக்கேட்டாலும் அசையாமல் படுத்திருந்ததாலும் புதுச் சிக்கல்களுக்கு இடம் கொடுக்கும் நிலையில் இருப்பதை ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் என்ற மருத்துவர் 2013-ல் விவரித்தார். பராமரித்தவரின் உடலும் தப்புவதில்லை. மறதிநோய் வந்த உறவினரைப் பராமரித்த பெண்களுக்குச் சின்னத் தோல் காயம் ஆற, மற்றவர்களைவிட 9 நாள் அதிகம் ஆனது என்கிறது 1995-ல் வந்த ஓர் ஆய்வு. ஆகவே சந்தோஷம் வரவில்லையே என்று உங்களை நீங்களே விசாரிக்க வேண்டியதில்லை. முதலில் தூங்குங்கள். வாரக்கணக்கில் மனம் எழவே இல்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வந்த சந்தோஷமும் தேயும். எதிர்பார்ப்பு மெல்ல மேலே ஏறி, தலையணை மறுபடி வெறும் தலையணை ஆகும். ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்குச் சண்டை வரும். நன்றி கெட்டத்தனம் என்று சிலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆபத்து முடிந்தது என்று மூளை நம்பத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

தேய்வதைக் கொஞ்சம் தள்ளிப்போட வழி உண்டு. லீஃப் நெல்சன், டாம் மேவிஸ் இருவரும் 2008-ல் ஒரு மசாஜ் சோதனை நடத்தினார்கள். சிலருக்கு 3 நிமிடம் தொடர்ந்து மசாஜ். சிலருக்கு 80 விநாடி, பிறகு 20 விநாடி நிறுத்தம், மறுபடி 80 விநாடி. தொடர்ந்து கிடைப்பதுதான் சுகம் என்றே எல்லோரும் ஊகிப்பார்கள். அனுபவித்த பிறகு இடைவெளி விட்டுக் கிடைத்தவர்களே அதிகம் ரசித்திருந்தார்கள். வீடு திரும்பிய தம்பதிகள் ஒருவரை விட்டு ஒருவர் நகராமல் இருப்பது இயல்பு. உடல்நிலை அனுமதிக்கும்போது, வேறு யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வரலாம்.

அதே ஆய்வுக்கு மறுபக்கமும் உண்டு. எரிச்சலூட்டும் சத்தத்தை நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி போட்டபோது, தொடர்ந்து கேட்டவர்களைவிட இடைவெளி கிடைத்தவர்கள் அதிகம் சிரமப்பட்டார்கள். பழகிப்போயிருந்தது இடைவெளியில் கலைந்துவிட்டது. கீமோ போலச் சுற்றுச் சுற்றாக நடக்கும் சிகிச்சையில், நடுவே சில நாள் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் பையைக் கட்டும்போது முதல் தடவையைவிடக் கால் பின்னுக்கு இழுக்கிறதென்றால், அதற்கும் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.