பாரிஸ் மீட்டிங் ஏன் நம்ம சாப்பாட்டு நேரத்துல வந்து விழுது?

நம்ம மொரிஷியஸ்ல, எபேன்ல ஒரு ஆபீஸ்ல புதுசா சேர்ந்திருக்கற தங்கச்சி ஒருத்தி எழுதியிருந்தா. செவ்வாய்க்கிழமை ஆனா பாரிஸ் ஆளுங்களோட ஒரு மீட்டிங்காம், செப்டம்பர்லேருந்து பகல் 12 மணிக்கு நடந்துகிட்டிருந்தது, அக்டோபர் கடைசியில திடீர்னு 1 மணிக்குப் போயிடுச்சாம், யாரும் மாத்தல, மாத்தினேன்னு ஒரு மெயில்கூட வரல, "1 மணிதான் அண்ணா எங்களுக்குச் சாப்பாட்டு நேரம், கம்ப்யூட்டருக்கு என்ன பேயா பிடிச்சிருக்கு"ன்னு கேள்வி. கூடவே சிசி, பிசிசி, டென்டேட்டிவ் எல்லாத்துக்கும் அர்த்தம் கேட்டிருந்தா.

சின்னதை முதல்ல முடிச்சிடுவோம். சிசின்னா கார்பன் காப்பி, டைப்ரைட்டர் காலத்துல ரெண்டு தாளுக்கு நடுவுல நீலக் காகிதம் வெச்சு அடிச்சாங்களே அதேதான், "உங்களுக்கும் தெரியட்டும்"னு அனுப்பறது, பதில் எதிர்பார்க்கல. பிசிசி மறைச்சு அனுப்பற காப்பி, பிரெஞ்சு அவுட்லுக்ல இதையே ஸே-ஸே-ஈன்னு போட்டிருக்கும். ஒவ்வொரு மெயிலுக்கும் வெளியில ஒரு கவர் இருக்கு, உள்ள ஒரு லெட்டர் இருக்கு. சர்வர் கவர்மேல இருக்கற முகவரியைப் பார்த்துத்தான் கொண்டுபோய்ச் சேர்க்குது, நீங்க பார்க்கற டு, சிசி எல்லாம் லெட்டருக்குள்ள எழுதின வரி, பிசிசி ஆளோட பேர் கவர்ல மட்டும் இருக்கும். அதனால பிசிசியில வந்த மெயிலுக்கு ரிப்ளை ஆல் மட்டும் அடிச்சிடாதீங்க, ஒளிஞ்சிருந்த ஆள் கைதட்டிக் கூப்பிட்ட கதையாயிடும். டென்டேட்டிவ்னா "வரலாம், வராமலும் போகலாம்", நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகைக்கு மாமாக்கள் சொல்ற பதில். பிரெஞ்சுல மீட்டிங்குக்கு ரேயூனியோன்னு பேரு, பக்கத்துத் தீவுக்கே அந்தப் பேரை வெச்சிருக்காங்க, பாவம் அங்க இருக்கறவங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, கொஞ்சம் நீளமாப் போகும், டீ எடுத்துக்கோங்க.

நம்ம வீடுகள்ல சென்னைப் பஞ்சாங்கம் தொங்குதில்ல, அதுல ரெண்டு வகை நேரம் கலந்து கிடக்கு. ஒண்ணு திதி. சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவுல இருக்கற கோணம் 12 டிகிரி கூடினா ஒரு திதி முடிஞ்சுது, அது வானத்துல நடக்கற சமாச்சாரம், உலகம் பூரா ஒரே நொடியில நடக்கும், சென்னைக் கடிகாரத்துல ராத்திரி 9 மணின்னா நம்ம கடிகாரத்துல 7:30, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொண்ணு ராகு காலம். அது அந்தந்த ஊர்ல சூரியன் உதிச்சதுலேருந்து மறையற வரைக்கும் உள்ள பகலை எட்டாப் பிரிச்சு அதுல ஒரு பங்கு, அது ஊரோட ஒட்டிக்கிட்டது, சென்னை ராகு காலத்துலேருந்து ஒண்ணரை மணி நேரம் கழிச்சா நம்மளுது வராது. எங்க அத்தை செவ்வாய்க்கிழமைன்னா 3லேருந்து 4:30ன்னு அச்சடிச்சதை அப்படியே பின்பற்றுவாங்க, ஆனா அது 6 மணிக்கு உதிச்சு 6 மணிக்கு மறையற பகலுக்குப் போட்ட கணக்கு. இங்க டிசம்பர்ல பகல் கிட்டத்தட்ட 13 மணி 20 நிமிஷம், எட்டுல ஒரு பங்கு 100 நிமிஷம் வருது, ஜூன்ல 82 நிமிஷம்தான். எனக்கு ராகு காலத்துல ஒரு நம்பிக்கையும் கிடையாது, பாஸ்போர்ட்டுக்கு ராகு காலத்துலதான் போனேன், கூட்டமே இல்ல. ஆனா அந்தக் கணக்கைப் போட்டவங்களுக்கு எந்த நேரம் உலகத்துக்குப் பொது, எந்த நேரம் ஊருக்குச் சொந்தம்னு தெளிவாத் தெரிஞ்சிருந்தது, அதைப் பார்த்து எனக்கு மரியாதைதான்.

கேலண்டர் சாஃப்ட்வேர்லயும் இதேதான் நடக்குது. இன்வைட்டோட வர ஐசிஎஸ் ஃபைல் இருக்கே, அதோட விதிமுறை 1998ல வந்து 2009ல திருத்தி எழுதப்பட்டது, அதுல நேரத்தை மூணு விதமா எழுதலாம். முதல் விதம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், இது திதி மாதிரி, ஒரே நொடி, குழப்பம் இல்ல. ரெண்டாவது மிதக்கற நேரம், "காலை 5 மணி"ன்னு மட்டும் எழுதி எந்த ஊர்னு எழுதாம விடறது, நீங்க எந்த ஊர்ல இருக்கீங்களோ அந்த ஊர் 5 மணி, அலாரம் மாதிரி, ராகு காலத்துக்குச் சொந்தக்காரன்னு வெச்சுக்கலாம். மூணாவதுதான் நம்ம தங்கச்சியைப் படுத்தினது, உள்ளூர் நேரமும் ஊர்ப் பேரும் சேர்ந்தது: "யூரோப் பாரிஸ், 10 மணி, வாரா வாரம் செவ்வாய்".

ஃபைல்ல இருக்கறது அந்த ஒரே வரிதான். 50 வாரத்துக்கு 50 மீட்டிங் உள்ள இல்ல, ஒரு தேதியும் ஒரு விதியும்தான் இருக்கு, ஒவ்வொரு செவ்வாய்க்கும் உங்க கம்ப்யூட்டர் அப்பப்ப கணக்குப் போட்டு வரையுது. பாரிஸ் கோடையில யூடிசிக்கு 2 மணி முன்னாடி, குளிர்காலத்துல 1 மணி முன்னாடி, அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் மாறும். நாம வருஷம் பூரா 4 மணி முன்னாடி, அசையவே மாட்டோம். அதனால பாரிஸ் 10 மணி நமக்கு அவங்க கோடையில 12, அவங்க குளிர்ல 1. ஃபைல்ல ஒரு எழுத்துகூட மாறல, அப்புறம் எங்கேருந்து மெயில் வரும்?

எல்லாத்தையும் யூடிசியிலயே எழுதித் தொலைக்கலாமேன்னு கேட்பீங்க. நானும் கேட்டிருக்கேன். சிக்கல் என்னன்னா எதிர்காலம் அரசாங்கத்து கையில இருக்கு. 2019ல ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்தக் கடிகார மாத்தலை 2021லேருந்து நிறுத்தலாம்னு ஓட்டுப் போட்டுச்சு, இன்னும் நின்னபாடில்ல. 2023 மார்ச்ல லெபனான்ல கடிகாரம் மாத்தறதைக் கடைசி நேரத்துல தள்ளிவெச்சாங்க, பாதிப் பேர் கேட்டாங்க, பாதிப் பேர் கேட்கல, ஒரே நாட்டுல ரெண்டு நேரம் ஓடிச்சு, சில நாள்லயே முடிவைத் திருப்பிக்கிட்டாங்க. யூடிசியில எழுதி வெச்சிருந்தா இப்படி ஒவ்வொரு மாத்தத்துக்கும் மீட்டிங்கெல்லாம் தப்பாயிடும். "பாரிஸ் 10 மணி"ன்னு எழுதி வெச்சா, பாரிஸ் என்ன கூத்து அடிச்சாலும் அவங்க 10 மணி 10 மணியாவே இருக்கும்.

சரி, பாரிஸ் என்னிக்கு மாறும்னு உங்க போனுக்கு யார் சொன்னது? டைம்ஸோன் டேட்டாபேஸ்னு ஒண்ணு இருக்கு, ஆர்தர் டேவிட் ஓல்சன் ஆரம்பிச்சது, ரொம்ப வருஷமா பால் எகர்ட் பார்த்துக்கறார், பெரும்பாலும் தன்னார்வலர்களோட உழைப்பு, உலகத்துல பாதிக் கருவி இதை நம்பி ஓடுது. அதுல "இந்தியன் மொரிஷியஸ்"னு நமக்குன்னு ஒரு பகுதி இருக்கு. தொடக்கத்துல 3 மணி 50 நிமிஷம்னு இருக்கும், நம்ம தலைநகர் போர்ட் லூயிஸ் கிழக்கே 57.5 டிகிரியில இருக்கு, பூமி மணிக்கு 15 டிகிரி சுத்துது, வகுத்துப் பாருங்க அதேதான் வரும், சூரியனோட நிஜ நேரம். 1907லேருந்து ரவுண்டா 4 ஆக்கிட்டாங்க, அதனாலதான் நமக்குச் சராசரியா 12:10க்குத்தான் சூரியன் உச்சிக்கு வருது. அதுக்கப்புறம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளின சலனம் ரெண்டே ரெண்டுதான்: 1982-83 கோடை, 2008-09 கோடை. பக்கத்து ரியூனியன் தீவுக்கு இந்தச் சலனம்கூட இல்ல, அதனால அதை இப்ப துபாயோட சேர்த்து ஒரே வரியாக்கிட்டாங்க. நமக்குத் தனி வரி மிஞ்சினது தோத்துப்போன அந்த ரெண்டு கோடையால!

2008 எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கரண்ட் மிச்சம் பிடிக்கணும்னு அக்டோபர் 26 ராத்திரி 2 மணியை 3 ஆக்கினாங்க. அதே ஞாயிறுதான் பாரிஸ் தன் கடிகாரத்தைப் பின்னாடி தள்ளிச்சு. சனிக்கிழமை 2 மணி வித்தியாசம், திங்கக்கிழமை 4! அப்ப நான் இருந்த ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்குப் புது டேட்டாவே போடல, ஒரு பையன் மேஜை மேஜையாப் போய்க் கடிகாரத்தைக் கையால ஒரு மணி நேரம் நகர்த்திட்டுப் போனான். முள்ளு சரி, ஆனா மெஷின் இன்னும் "நான் யூடிசிக்கு 4 மணி முன்னாடி"ன்னே நினைச்சுக்கிட்டிருக்கு. நாங்க 1:10க்கு அனுப்பின பதில் பாரிஸ்ல 10:10க்கு அனுப்பினதுன்னு காட்டும், அங்க சுவத்துக் கடிகாரம் 9:10. எதிர்காலத்துலேருந்து மெயில் அனுப்பறீங்களான்னு அங்கேருந்து ஒரு அம்மா கேட்டாங்க. 2009 மார்ச்ல பழையபடி வந்துட்டோம், அப்புறம் அந்தப் பக்கமே போகல. போகவும் கூடாது, பாரிஸ்ல கோடைப் பகலும் குளிர்ப் பகலும் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் வித்தியாசப்படும், நமக்கு ரெண்டரைகூட இல்ல, எதை மிச்சம் பிடிக்கறது?

ஒரு கூத்து சொல்றேன். 2011ல ஆஸ்ட்ரோலேப்னு ஒரு அமெரிக்க கம்பெனி, பழைய நேர விவரம் எங்களுதுன்னு ஓல்சன் மேலயும் எகர்ட் மேலயும் கேஸ் போட்டுச்சு, டேட்டாபேஸ் இருந்த சர்வரையே கொஞ்ச நாள் மூடவேண்டியதாப் போச்சு. அது என்ன கம்பெனி தெரியுமா? ஜோதிட சாஃப்ட்வேர் கம்பெனி. ஜாதகம் கணிக்க 1940ல அந்த ஊர்ல மணி என்னன்னு தெரிஞ்சாகணுமில்ல. 2012ல கேஸை வாபஸ் வாங்கிட்டாங்க, டேட்டாபேஸ் இப்ப இன்டர்நெட் பேர், எண்ணெல்லாம் நிர்வகிக்கற ஐயானாகிட்ட பத்திரமா இருக்கு. ஆனாலும் எனக்கு ஆத்திரம்தான், ஜாதகத்துக்கு ஆயிரக்கணக்குல ரூபா குடுக்கற உலகம் இந்த மாதிரி வேலைக்கு எவ்வளவு குடுத்துச்சுன்னு கேட்டுப் பாருங்க.

தங்கச்சிக்கு: மீட்டிங்கை நீயே உன் பேர்ல போட்டா நம்ம நேரத்துல நிக்கும், ஆனா அங்க குளிர்ல 9 மணிக்கு வந்து உட்காரணும், மூஞ்சி தூக்குவாங்க. அதைவிட 1லேருந்து 2 வரைக்கும் லஞ்ச்னு உன் கேலண்டர்ல வாரா வாரம் பிஸின்னு போட்டு வெச்சிடு, அது மொரிஷியஸ் நேரம்னு பதிவாகும். அவங்க உன்னோட நேரம் காலியான்னு பார்க்கும்போது கோடையில 11லேருந்து 12 அடைச்சிருக்கும், குளிர்ல 10லேருந்து 11, இந்தத் தடவை அவங்க ஸ்க்ரீன்ல நம்ம சோறு நகரட்டும்.