லீவு போட்டும் ஆபீஸில் இருப்பவர்கள்

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரை மாவட்டத்தில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் உள்ளூர் விடுமுறை. தனியார் கம்பெனிக்காரர் பெரும்பாலும் லீவு சொல்லிவிட்டுத்தான் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். போனாலும் கையில் போன், போனில் ஆபீஸ் குரூப். “அந்த ஃபைல் எங்கே இருக்கு?” என்று ஒரு மெசேஜ் வந்தால் போதும். உடம்பு கூட்டத்துக்குள் நிற்கும், மனசு சிஸ்டத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடும்.

வேலையில் மும்முரமாக இருக்கும்போது இதயத் துடிப்பு கூடும், ரத்த அழுத்தம் ஏறும், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் அதிகம் சுரக்கும். அதில் தப்பில்லை. வேலை முடிந்ததும் இவையெல்லாம் பழைய நிலைக்கு இறங்க வேண்டும், அவ்வளவுதான். வேலையையே நினைத்துக்கொண்டிருந்தால் உடலைப் பொறுத்தவரை வேலை இன்னும் முடியவில்லை. மறுநாள் அதே வேலையைச் செய்யக் கூடுதலாக முக்க வேண்டியிருக்கும். இது நாள்கணக்கில் சேரும்போதுதான் ஆள் ‘ஏதோ வந்தோம், போனோம்’ என்று ஆகிவிடுகிறார். ஜெர்மன் உளவியலாளர் சபீனே சோனன்டாக் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் இதன் மறுபக்கம் தெரிந்தது: முந்தைய நாள் ஓய்வில் நன்றாகத் தெளிந்தவர்கள் மறுநாள் வேலையில் அதிக ஈடுபாட்டோடு இருந்தார்கள், தாங்களாகவே முன்வந்து காரியங்களைச் செய்தார்கள்.

அதற்குச் சொகுசுப் பயணம் எதுவும் வேண்டியதில்லை. இஸ்ரேலில் வேலைக்குப் போகும் ஆண்களை அவ்வப்போது ராணுவ ரிசர்வ் பணிக்கு அழைப்பார்கள். 1998-ல் வெளியான ஓர் ஆய்வு அப்படிப் போய்வந்தவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டது. போய்வந்தவர்களுக்கு வேலை அழுத்தமும் அதனால் வரும் சோர்வும் குறைந்திருந்தன. வேலை நினைப்பை முழுதாக விட்டிருந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். ராணுவ முகாமே இவ்வளவு செய்தால் கொடைக்கானல் செய்யாதா?

செய்யும், போக முடிந்தால். நம் ஊரில் லீவு பாதி சொந்தக்காரர்களுக்குத்தான் போகிறது. உசிலம்பட்டியில் காதுகுத்து, மேலூரில் புதுமனை புகுவிழா, மொய் எழுதிவிட்டு அடுத்த மண்டபத்துக்கு ஓட்டம். சோனன்டாக்கும் ஷார்லட் ஃபிரிட்ஸும் 2007-ல், களைப்பு தீர உதவும் அனுபவங்களாக நான்கைச் சொன்னார்கள். வேலையை மறப்பது, இளைப்பாறுவது, புதிதாக ஒன்றைப் பழகுவது ஆகிய மூன்றோடு, நேரம் நம் கையில் இருப்பது நான்காவது. காதுகுத்து லீவில் அடிபடுவது இந்த நான்காவதுதான். (தாய்மாமனாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.)

சரி, ஈ.எல்.லை, அதாவது சம்பளத்தோடு சேரும் லீவைச் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் எடுத்தால்? நெதர்லாந்தில் ஜெசிகா டி ப்ளூம் குழு நீண்ட விடுமுறை எடுத்தவர்களை ஆராய்ந்தது. அவர்களின் உற்சாகம் எட்டாம் நாள் வாக்கில் உச்சத்தைத் தொட்டது. வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதனால் வருஷத்துக்கு ஒரு பெரிய லீவைவிட, பிரித்துப் பிரித்து எடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

கிளம்பும் முன் இன்னொன்று. அரைகுறையாக நிற்கும் வேலை மனசை அரித்துக்கொண்டே இருக்கும். அதை எப்போது, எப்படி முடிப்பது என்று திட்டம் போட்டாலே அந்த அரிப்பு அடங்கிவிடுவதை மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்களின் 2011 ஆய்வு காட்டியது. வேலையை முடிக்கக்கூட வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தையும் ஃபைல் இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் குரூப்பை மியூட் செய்துகொள்ளலாம்.