பிரேக்கில் கரையும் பெட்ரோல்

மைலேஜ் என்று பேச்சு வந்தாலே நாம் பெரும்பாலும் வண்டியைப் பற்றித்தான் பேசுகிறோம், எந்த கம்பெனி, எந்த இன்ஜின், பெட்ரோலா டீசலா என்று. ஓட்டுகிறவரின் காலைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் ஒரே காரை ஒரே சாலையில் இரண்டு பேர் ஓட்டினால் செலவாகும் பெட்ரோல் நன்றாகவே வேறுபடும். அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்குப்படி, விருட்டென்று கிளப்பி, சடக்கென்று பிரேக் போட்டு ஓட்டுகிற பழக்கம் நெடுஞ்சாலையில் மைலேஜை 15 முதல் 30 சதவீதம் வரை குறைக்கும், நின்று நின்று போகிற நெரிசலில் 10 முதல் 40 சதவீதம் வரை குறைக்கும். நல்ல நிலையில் இருக்கிற வண்டியில் எந்த உதிரி பாகத்தை மாற்றினாலும், எந்த மருந்தை டேங்கில் ஊற்றினாலும் இந்த அளவுக்கு வித்தியாசம் வராது.

அந்தப் பெட்ரோல் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் கிடைக்கும். அதில் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரம் வரைக்கும் வந்து சேர்கிறது, மீதி முக்கால் பங்கும் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகவே போய்விடுகிறது. இது இன்ஜினின் இயல்பு, நம்மால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நம் கையில் இருப்பது அந்தக் கால் பங்கை என்ன செய்கிறோம் என்பதுதான்.

1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 167 கிலோஜூல். இன்ஜினில் ஆகும் இழப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்த வேகத்தை எட்டுவதற்கு மட்டும் சுமார் 20 மில்லி பெட்ரோல் செலவாகியிருக்கும். இப்போது பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்துகிறீர்கள். அந்த 167 கிலோஜூலும் பிரேக் தட்டைச் சூடாக்கிவிட்டுக் காற்றோடு போய்விடுகிறது. திரும்பக் கிளம்பும்போது மறுபடியும் 20 மில்லி. இப்படி 50 முறை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் காலி, இதில் காற்றையும் டயர் உராய்வையும் சமாளிக்கச் செலவானது சேரவே இல்லை. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் இந்த ஆற்றலில் ஒரு பகுதி மோட்டார் வழியாக பேட்டரிக்குத் திரும்புகிறது, நெரிசலில் அவற்றின் மைலேஜ் நன்றாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே. சாதாரண வண்டியில் திரும்ப வருவது ஒன்றுமில்லை.

இந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள். 60க்குப் பதில் 80 வரை ஏற்றிவிட்டு நிறுத்தினால் வீணாவது 20 மில்லி அல்ல, 37 மில்லி. இதையே திருப்பிப் பாருங்கள். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டு, வண்டி தானாக வேகம் குறைந்து 30க்கு வரும்போது விளக்கு பச்சையாகிவிட்டால், 60இல் இருந்த ஆற்றலில் கால் பங்கு இன்னும் உங்கள் வண்டியிலேயே இருக்கும். கடைசி நிமிடம் வரை ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு போய், விளக்கின் அடியில் நின்று, பூஜ்யத்திலிருந்து கிளம்புகிறவருக்கு அந்தக் கால் பங்கும் இல்லை. இத்தனைக்கும் இரண்டு பேரும் சிக்னலைத் தாண்டுவது ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான்.

அதனால்தான் சொல்கிறேன், சிக்கனமாக ஓட்டுவது என்பது மெதுவாக ஓட்டுவதல்ல. பிரேக் தேவைப்படாதபடி ஓட்டுவது. அதற்கு வேண்டியது முன்னால் போகிற வண்டியின் பம்பரைப் பார்ப்பதை விட்டு, அதற்கும் முன்னால் போகிற நாலு வண்டியைப் பார்ப்பது, அப்புறம் கொஞ்சம் இடைவெளி விடுவது. முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் மூன்று விநாடி தூரம் இருந்தால், அவர் லேசாக பிரேக்கைத் தொடும்போது நாம் காலை எடுத்தாலே போதும்.

இடைவெளி விட்டால் யாராவது நடுவில் நுழைந்துவிடுவார்கள் என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. நுழைவார்கள்தான். நுழையட்டும், மறுபடி கொஞ்சம் இடைவெளி விட்டால் ஆயிற்று. இடைவெளி விடாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பானில் யூகி சுகியாமா என்ற இயற்பியலாளரும் அவருடைய குழுவும் சோதித்துக் காட்டினார்கள், 2008இல் வெளியான ஆய்வு அது. 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே சீராக ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே வருபவர் இல்லை, பள்ளம் மேடு இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வருபவர் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறைக்க, அந்தச் சிறு தடுமாற்றம் பின்னோக்கிப் பெருகிக்கொண்டே போய், கடைசியில் சில வண்டிகள் முழுதாக நின்றேவிட்டன. காரணமே இல்லாத நெரிசல் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் இப்படிப் பிறப்பதுதான். இதே மாதிரி வட்டச் சோதனையைப் பின்னாளில் அமெரிக்காவின் அரிசோனாவில் 20க்கு மேற்பட்ட கார்களை வைத்து மறுபடி செய்தார்கள், 2018இல் முடிவுகள் வெளியாயின. அதில் ஒரே ஒரு காரை மட்டும் கணினி ஓட்டியது, முன்னால் இடைவெளி விட்டு, வேகத்தைச் சீராக வைத்துக்கொண்டு. அந்த ஒரு வண்டியால், நின்று நின்று கிளம்புகிற அந்தத் தடுமாற்ற அலை அடங்கியது, எல்லா வண்டிகளும் சேர்ந்து செலவழித்த எரிபொருள் 40 சதவீதம் வரை குறைந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. நீங்கள் விடுகிற இடைவெளி உங்கள் பின்னால் வருகிற, உங்களுக்கு யாரென்றே தெரியாத ஆட்களின் பெட்ரோலையும் மிச்சப்படுத்துகிறது.

சரி, காலை எடுத்ததும் கியரில் விடுவதா, நியூட்ரலில் போடுவதா? நியூட்ரல்தான் மிச்சம் என்ற நம்பிக்கை கார்புரேட்டர் காலத்திலிருந்து வருகிறது. கணினி சொல்கிறபடி இன்ஜெக்டர் என்ற பாகம் எரிபொருளைத் தெளிக்கிற இன்றைய வண்டிகளில் கதை வேறு. கியர் போட்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, எரிபொருள் தேவையில்லை என்று வண்டியின் கணினி புரிந்துகொண்டு இன்ஜெக்டரை மூடிவிடும். அந்த நேரத்தில் பெட்ரோல் செலவு பூஜ்யம். இன்ஜின் சுற்று ஐட்லிங் வேகத்தை நெருங்கும்போதுதான் மறுபடி திறக்கும். நியூட்ரலில் போட்டால் இன்ஜினைச் சுற்ற சக்கரம் கிடையாது, அது அணையாமல் இருக்க எரிபொருள் ஊற்றியே ஆகவேண்டும். நியூட்ரலில் வண்டி கொஞ்சம் கூடுதல் தூரம் உருளும் என்பது உண்மைதான், ஆனால் வேகத்தைக் குறைக்கப் போகிற இடத்தில் அந்தக் கூடுதல் தூரத்தால் லாபமில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் போவது ஆபத்தும்கூட, வேகம் முழுவதையும் பிரேக்கே தாங்கவேண்டும், பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். இன்ஜினையே அணைத்துவிட்டு உருளுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக்குக்கு உதவுகிற வெற்றிடமும் ஒன்றிரண்டு அழுத்தலில் தீர்ந்துவிடும், பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

கிளம்பும்போது ஆமை வேகத்தில் ஏற்றினால்தான் மிச்சம் என்று நினைப்பதும் முழுதாகச் சரியல்ல. பெட்ரோல் இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு மூடித்தகடு கட்டுப்படுத்துகிறது. நாம் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் அந்தத் தகடு கொஞ்சம்தான் திறக்கும், அந்தச் சிறு இடுக்கு வழியாகக் காற்றை இழுக்க இன்ஜின் போராடும். ஒரு மெல்லிய உறிஞ்சு குழாயை வாயில் வைத்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் மூச்சு வாங்கிப் பாருங்கள், இன்ஜின் படும் பாடு புரியும். இந்த இழுவையில் கணிசமான ஆற்றல் வீணாகிறது, அதோடு சுற்று அதிகமாக ஆக உள் உராய்வும் ஏறுகிறது. ஆகவே இன்ஜினுக்கு வசதியான நிலை குறைந்த சுற்று, ஓரளவு நல்ல சுமை. மிதமாக மிதித்து, சீக்கிரமே அடுத்த கியருக்கு மாறி, வேண்டிய வேகம் வந்ததும் உயர்ந்த கியரில் சீராகப் போவது நல்லது. வண்டி திணறினாலோ உதறினாலோ கியரைக் குறைத்துவிடுங்கள், அதற்கு மேல் வற்புறுத்தினால் இன்ஜினுக்குத்தான் கேடு.

நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டால் பிரேக்கின் இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. காற்றின் எதிர்ப்பு விசையும் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 80இல் போகும்போது இருக்கும் எதிர்ப்பு 100இல் 56 சதவீதம் கூடிவிடும், 120இல் இரண்டேகால் மடங்கு. சராசரி கார் ஒன்றுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் பக்கத்தில் காற்றும் டயர் உராய்வும் ஏறக்குறைய சமமாக இருக்கும், அதற்கு மேல் போகப் போகக் காற்றுதான் முதலாளி. 100 கிலோமீட்டர் தூரத்தை 120க்குப் பதில் 100இல் போனால் பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். காரின் கூரைமேல் கட்டும் சாமான் பெட்டியும் இதே கணக்கில்தான் அடிக்கிறது, பெரிய மொட்டை முகப்புள்ள பெட்டி அதிவேகச் சாலையில் மைலேஜை 10 முதல் 25 சதவீதம் வரை தின்றுவிடும். பயணம் முடிந்ததும் கழற்றி வையுங்கள். லாரியின் பின்னால் ஒட்டிப் போனால் காற்று குறையும் என்பது இயற்பியல்படி சரி, உயிரோடு விளையாடுவது என்ற வகையில் தப்பு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயரில் காற்று குறைந்தால் அது ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி விரிந்து, அந்த நசுங்கலில் ஆற்றல் வெப்பமாகிறது. நாலு டயரிலும் காற்றழுத்தம் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும், அதாவது பத்து குறைந்தால் 2 சதவீதம், டயரின் ஆயுள் குறைவது தனி. ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பின்பற்றக்கூடாது. பத்து விநாடிக்கு மேல் நிற்கப்போகிறீர்கள், போக்குவரத்துக்கு இடையில் இல்லை என்றால் இன்ஜினை அணைத்துவிடலாம், திரும்ப ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல் அதைவிடக் குறைவு. குளிர்ந்த இன்ஜின் அதிகம் குடிக்கும், எண்ணெய் கெட்டியாக இருக்கும், கலவையில் பெட்ரோலும் கூடுதலாகப் போகும், அதனால் நாலு தனித்தனிச் சின்னப் பயணங்களை ஒரே சுற்றாகச் சேர்த்துக்கொள்வது நல்ல பலன் தரும். வெயிலில் கொதித்த காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி, அந்தச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள்.

உயர் ஆக்டேன் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடும் என்பதை நம்ப வேண்டாம். அது வேண்டும் என்று வண்டியின் கையேடு சொன்னால் ஒழிய, கூடுதல் பணம் கொடுத்து வாங்க அவசியமில்லை. ஆக்டேன் எண் காட்டுவது, இன்ஜினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக எரிவதால் வரும் தட்டல் வராமல் தாங்கும் திறனை, ஆற்றலின் அளவை அல்ல.

இதையெல்லாம் செய்து பார்க்கும்போது டேஷ்போர்டு காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் டேங்கை நிரப்பி அளந்து பாருங்கள். முழுதாக நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல் ஓட்டி, அடுத்த முறை நிரப்பும்போது ஏறிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். ஒரு தடவை அளந்தால் போதாது, சில தடவை சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் நம்பலாம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 தருகிற வண்டி 1,000 லிட்டர் குடிக்கிறது. அந்தச் செலவில் பத்து சதவீதம் குறைந்தால் 100 லிட்டர் மிச்சம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள், லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். 20 கொடுத்த வண்டியை 25க்குக் கொண்டுவந்தால் பெரிய சாதனை போலத் தெரியும், 100 கிலோமீட்டருக்கு மிச்சமாவது ஒரு லிட்டர். 10 கொடுத்த வண்டியை 12க்குக் கொண்டுவந்தால் மிச்சமாவது 1.67 லிட்டர். வீட்டில் இரண்டு வண்டி இருந்து, இரண்டும் ஒரே அளவு ஓடுகிறது என்றால், முதலில் கை வைக்கவேண்டியது அதிகம் குடிக்கிற வண்டியில்தான்.